தாரணிக்குப் பூக்கட்டப் போன கதை

வழிகாட்டல் ஆசிரியர்களாகப் புதிதாக நியமனம் கிடைத்து வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் பாடசாலையில் ஓர் அறை தந்திருப்பார்கள். கதவில் ‘தொழில் வழிகாட்டல் அலகு’ என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் பாதி இடத்தில் வலைப்பந்துக் கம்பமும், காற்றுப்போன பந்துகளும், பாண்ட் வாத்தியக் குழுவின் கிழிந்த உடுப்புகளும் கிடக்கும். மனம் தளராதீர்கள். என் பணிக்காலம் முழுவதும் நான் அந்தக் கம்பத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன். பிள்ளைகள் எப்படியும் உங்களைத் தேடி அந்த அறைக்கு வரப்போவதில்லை. பஸ் தரிப்பிடத்திலோ, சந்தையில் நீங்கள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதோதான் வந்து பிடிப்பார்கள். “ரீச்சர், உங்களோட ஒரு கதை இருக்கு” என்பார்கள். பையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

விண்ணப்பம் எப்படி அனுப்புவது, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி என்றால் என்ன, புலமைப்பரிசில் எங்கே தேடுவது என்பதையெல்லாம் பயிற்சியில் போதும் போதும் என்னும்வரை சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஒரு குடும்பம் முழுவதும் உங்களைச் சுற்றி நின்று, “நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கோ ரீச்சர்” என்று ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தூக்கி உங்கள் கையில் தரும்போது என்ன செய்வது? அதை ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கு அந்தச் சோதனை முள்ளியவளையில், ஒரு பிள்ளையார் கோயிலில், கையில் பூவோடு நிற்கும்போது வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் நடந்தது.

தாரணி விஞ்ஞானப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை. வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்று பெயர் கூப்பிட்டால்தான் தெரியும், அவ்வளவு அமைதி. தகப்பனுக்குக் கடல்நீரேரிப் பக்கமாக வயல். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் கொஞ்ச காலமாக உவர் ஏறிக்கொண்டு வந்தது. பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகத் தாரணி கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் அள்ளி, போத்தல்களில் நிரப்பி, உப்பின் அளவைப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். செயற்றிட்டம் முடிந்து புள்ளியும் போட்ட பிறகும் அவள் விடவில்லை. போத்தல்களுக்காகவே வீட்டில் ஒரு அலுமாரித் தட்டு போய்விட்டதென்று தாய் என்னிடம் முறைப்பட்டிருக்கிறா.

அந்தப் பிள்ளை ஒருவருக்கும் பெரிதாகச் சொல்லாமல் அமெரிக்காவில் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். இரண்டும் கிடைத்தன. இரண்டுமே முழுச் செலவையும் தாங்களே பார்ப்பதாகச் சொன்னார்கள். செய்தி வந்த அன்று அதிபர் பாடசாலை மணியை அடிக்கச் சொன்னார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு விட்டுவிட்டார்களென்று புத்தகப் பையோடு ஓடத் தொடங்க, அவர்களை வாசற் படலையில் வைத்துப் பிடித்து வருவதே பெரும்பாடாகிவிட்டது.

தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டில் ஒன்று, மலையடிவாரத்துச் சிறிய ஊரில் இருக்கும் சின்னக் கல்லூரி. அங்கே ஆசிரியர்களுக்குக் கற்பிப்பதுதான் முதல் வேலை. ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். காலையில் இரசாயனமும் மத்தியானம் நாடகமும் படிக்கலாம். எதில் பட்டம் எடுப்பதென்று இரண்டு வருடம் யோசிக்கவும் விடுவார்கள். மற்றது பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். ஒரு நகரம் அளவுக்கு இருக்கும். பேராசிரியர்கள் தங்கள் ஆய்வுகூடங்களிலேயே குடியிருப்பார்கள். உலகத்தில் இருக்கும் கருவியெல்லாம் அங்கே உண்டு. ஆனால் முதல் வருட விரிவுரையில் நீங்கள் தூங்கினாலும் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது.

எனக்குச் சின்னக் கல்லூரியில்தான் மனம். ஒளிக்காமல் சொல்கிறேன். நம்மூரில் சாதாரணதரப் பரீட்சை எழுதின கையோடு, பதினாறு வயதுப் பிள்ளையை விஞ்ஞானமா, கலையா, வர்த்தகமா என்று ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். அந்த மூடியைத் திறக்கிற இடம் ஒன்று இருக்கிறதே என்று எனக்குப் பெரிய சந்தோசம். அமைதியான பிள்ளைக்குச் சின்ன வகுப்பு நல்லது என்றும் நினைத்தேன். பார்த்தீர்களா, எவ்வளவு அழகான காரணங்கள்! எல்லாம் என்னுடைய காரணங்கள்.

தாரணியின் அம்மாவுக்கும் சின்னக் கல்லூரிதான் விருப்பம். படத்தில் பார்த்தால் ஒரு கன்னியர் மடத்து விடுதி மாதிரி அடக்கமாக இருக்கிறது, ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம் என்று அவா சொன்னா. கனடாவிலிருக்கும் தாய்மாமன் அதைக் கேட்டுக் கொதித்துப்போனார். மருமகளுக்குப் பெரிய பல்கலைக்கழகம், அவர் சொல்லும் ‘கம்பஸ்’, கிடைத்த செய்தியை அவர் ஏற்கெனவே ஒரு கல்யாண வீட்டில் மேசை மேசையாகச் சொல்லி முடித்துவிட்டார். இனிப் போய், இல்லை, அவள் ஒருவரும் கேள்விப்படாத ஒரு கல்லூரிக்குப் போகிறாள் என்று சொல்ல முடியுமா? அவருக்கு அது மானப் பிரச்சினை. தகப்பனைக் கேட்கும்போதெல்லாம் வயலுக்குத் தண்ணீர் மாறவேண்டும் என்று எழும்பிப் போய்விடுவார்.

இப்படி இழுபட்டு இழுபட்டு, பதில் அனுப்பவேண்டிய கடைசி நாளும் வந்துவிட்டது. அன்றைக்குப் பதில் போகாவிட்டால் இரண்டு இடமும் இல்லை. அதற்கு முதல்நாள் தாய் என் வீட்டுக்கு வந்து, பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவெடுத்துவிட்டோம் என்று சொன்னா. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். கல்யாணம், வீடு கட்ட இடம் குறித்து நிலையம் எடுப்பது என்று இரண்டு மனமாக இருக்கும் காரியத்துக்கு, சிவப்புப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் வைத்து, உள்ளே இருப்பது தெரியாமல் நாரால் கட்டி, சுவாமிக்கு முன்னால் வைப்போம். ஐயர் ஒன்றை எடுத்துத் தருவார். வருகிற பூதான் முடிவு. பெரிய கம்பஸுக்குச் சிவப்புச் செவ்வரத்தை, சின்னக் கல்லூரிக்கு வெள்ளை நந்தியாவட்டை என்று பேசிக்கொண்டார்கள். பூவைக் கட்டுகிற ஆள் எந்தப் பக்கமும் சாயாத ஆளாக இருக்கவேண்டும். எனவே ரீச்சர் வந்து கட்டவேண்டுமாம்.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. இருந்தும் ஓம், வருகிறேன் என்று சொன்னேன். ஒரு குடும்பம் தங்களுக்குத் தெரிந்த வழியில் முடிவெடுக்கப் போகும்போது, கையில் பட்டம் இருக்கிறதென்று நாம் போய்க் குறுக்கே நிற்கத் தேவையில்லை. கூடப் போனால்தான் என்ன நடக்கிறதென்று தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை. நான் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போதே கனடா மாமா தொலைபேசியில் வந்துவிட்டார். அங்கே அவருக்கு இரவு. மனுசன் நித்திரையும் கொள்ளவில்லை. முதலில் என் சுகம் விசாரித்தார், பிறகு என் பிள்ளைகளின் சுகம், பிறகு மழை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ரீச்சர், நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்கு விளங்கும். ரெண்டு இலையிலயும் செவ்வரத்தையையே வைச்சுக் கட்டிவிடுங்கோ. பிள்ளையார் கோவிக்கமாட்டார், அவர் எங்கட ஆள்.”

நான் பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன். தாரணி வீட்டுக்குப் போனால், தாய் என்னைப் பூப்பிடுங்குவதற்கென்று கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனா. ஒரு செவ்வரத்தையைப் பிடுங்கினா. நந்தியாவட்டையில் மட்டும் இரண்டு பிடுங்கி, இரண்டையும் என் கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டா. பெரிய இடத்தில் இந்தப் பிள்ளை தொலைந்து போய்விடுவாள், சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது என்று சொன்னா. ரெண்டிலும் வெள்ளையே இருக்கட்டும் என்று அவா வாயால் சொல்லவில்லை. கையில் இருந்த பூவே சொன்னது.

கோயிலுக்குத் தகப்பன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனார். பாதி வழியில், தேக்கமரங்கள் நிற்கிற வளைவில், நிறுத்தினார். பெற்றோல் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே, “ரீச்சர், ரெண்டிலயும் ஒண்டும் வைக்காமக் கட்டேலாதோ?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வெறும் இலை வந்தால் இரண்டும் சரிவராது என்று சுவாமி சொன்னதாகிவிடும், பிள்ளை கிட்டவாக, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டும், சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவாள் என்று அவர் விளக்கினார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. கடைசியில், அவளைக் காணாமல் என்னால் இருக்க ஏலாது ரீச்சர் என்று சொல்லிவிட்டு எஞ்சினை உதைத்தார். அந்த மனுசனில் எனக்குக் கோபமே வரவில்லை. எனக்கும் பிள்ளைகள் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆக, கோயில் வாசலில் இறங்கும்போது என் நிலைமையைப் பாருங்கள். ஒருவருக்கு இரண்டும் சிவப்பு. ஒருவருக்கு இரண்டும் வெள்ளை. ஒருவருக்கு இரண்டும் வெறுமை. எந்தப் பக்கமும் சாயாத ஆள் என்று என்னைக் கூட்டிவந்தவர்கள், ஆளுக்கொரு பக்கமாக என்னைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்குள் தாரணி முன்னதாகவே சைக்கிளில் வந்து, மண்டபத்து மூலையில் இருந்து வாழையிலையைத் துண்டு துண்டாக வெட்டி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நார் காணுமோ ரீச்சர்?”

காணும், இரண்டு கட்டுக்குப் போதும் என்றேன்.

ஐயர் தீபம் காட்டி முடித்தார். தாய் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தா. அதில் மாமா திருநீறும் பூசி, மேலே ஒரு சால்வையும் போட்டுக்கொண்டு, கையைக் கூப்பியபடி இருந்தார். எல்லோரும் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி நிற்க, நான் தனியே இருந்து கட்டவேண்டும். என் முன்னால் இரண்டு இலைத்துண்டு, ஒரு செவ்வரத்தை, இரண்டு நந்தியாவட்டை.

அந்த இடத்தில் எனக்கு வந்த யோசனையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு வெள்ளையையும் வைத்துக் கட்டினால் என்ன? என் விருப்பமும் அதுதானே? தாய்க்கும் சந்தோசம், பிள்ளைக்கும் நல்லது, பிள்ளையாரின் பெயரால் காரியம் முடிந்துவிடும், ஒருவரும் ஒருவரோடும் கோவிக்கத் தேவையில்லை. கை பூவுக்குப் போய்விட்டது. அப்போதுதான் எனக்கே உறைத்தது, இந்த வரிசையில் நாலாவது ஆள் நான்.

நேர்மையாக ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கட்டலாம். ஆனால் மூன்று பேர் என்னை இரகசியமாகக் கேட்ட பிறகு, எந்தப் பூ வந்தாலும் மற்ற இருவரும் ரீச்சர் விளையாடிவிட்டா என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பிள்ளை எங்கே போனாலும் அந்தச் சந்தேகம் பின்னால் போகும். சரி, மூன்று பேரும் கேட்டதைப் போட்டு உடைக்கலாமா? அந்தத் தகப்பனின் முகத்தை நினைத்தேன். தேக்கமர வளைவில் அவர் சொன்னது என்னை நம்பிச் சொன்னது. அதை ஐயருக்கு முன்னால் எடுத்துவைக்க எனக்கு உரிமையில்லை.

நான் எழும்பி, பூவைத் தட்டிலே திருப்பி வைத்தேன். என்னால் கட்ட ஏலாது, எனக்கு இதில் ஒரு விருப்பம் இருக்கிறது, விருப்பத்தை வைத்துக்கொண்டு பூக்கட்டினால் பிழை என்று சொன்னேன். என்னைப் பற்றி மட்டுமே சொன்னேன். தாய் தூணைப் பார்த்தா. தகப்பன் தன் காலைப் பார்த்தார். கனடாவில் மாமா சால்வையைச் சரிசெய்தார்.

ஐயர் நிதானமான மனுசன். அப்படியென்றால் விருப்பமில்லாத ஓர் ஆளாகப் பார்த்துக் கட்டச் சொல்லுங்கோ, தனக்கு இன்னொரு கோயிலுக்கும் போகவேண்டும் என்றார். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. நான் தாரணியைப் பார்த்து, நீ கட்டுகிறாயா என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

“நானும் கட்டக்கூடாது ரீச்சர். எனக்கும் விருப்பம் இருக்கு.”

அந்த மண்டபத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு நாளும் இவ்வளவு பேர் இவ்வளவு கதைத்திருக்கிறோம். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை அமைதியான பிள்ளை என்று நாங்களே முடிவு செய்து, அந்த அமைதியை ஆளுக்கொரு பக்கம் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

தாய்தான் முதலில் கேட்டா, என்ன விருப்பம் பிள்ளை என்று.

“சின்னக் கல்லூரி நேர்முகத்தில என்னோட கதைச்சவா நல்லவா, அம்மா. முதல் கேள்வியே உன்ர கதையைச் சொல்லு எண்டுதான். சண்டை முடிஞ்சு நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமில இருந்ததை நீங்கள் சொல்லித் தந்தபடி சொன்னன். எனக்கு அதில ஒண்டும் ஞாபகமில்லை. அவா அழுதவா. நான் அழேல்ல, அவா அழுதவா. எனக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்ல. பிறகு, நீ வந்தால் புதுப் பிள்ளையளை வரவேற்கிற நாளில இதை மேடையில சொல்லுவியோ எண்டு கேட்டவா.”

கொஞ்சம் மூச்செடுத்தாள்.

“மற்ற இடத்து நேர்முகத்துக்கு ஒரு வயசான பேராசிரியர் வந்தவர். என்ர பேரையே பிழையாத்தான் சொன்னவர். நான் எங்க இருந்தனான், என்ன பட்டனான் எண்டு ஒண்டும் கேக்கேல்ல. கிணத்துத் தண்ணியைப் பற்றித்தான் கேட்டவர். கடலுக்குக் கிட்டவா இருக்கிற கிணத்தை விட்டிட்டு, தள்ளி இருக்கிற கிணத்தில முதல் உவர் ஏறினது ஏன் எண்டு கேட்டவர். எனக்குத் தெரியேல்ல. அந்த நாளில இருந்து அதுதான் யோசிக்கிறன். அங்க என்ர கதையைக் கேட்டவை. இவர் என்ர தண்ணியைக் கேட்டவர்.”

அவ்வளவு பெரிய இடத்தில் உன்னை ஒருவருக்கும் தெரியாதே பிள்ளை என்று தாய் சொன்னா.

“அதுதான் அம்மா எனக்கு வேணும். கொஞ்ச நாளைக்கு என்னை ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்து பாக்கவேணும்.”

நான் அந்தச் சின்னக் கல்லூரியைப் பற்றி எத்தனை பக்கம் வாசித்திருப்பேன்! ஆசிரியர் எத்தனை பேர், நூலகம் எவ்வளவு பெரிது, எல்லாம் எனக்குத் தெரியும். எல்லோரும் உன்னை அறிந்திருப்பார்கள் என்பது ஒரு பிள்ளைக்குப் பாரமாக இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. போர் முடிந்த நாளிலிருந்து எங்கள் பிள்ளைகளிடம் வந்தவன் போனவன் எல்லாம் கதை கேட்டிருக்கிறான். கதை சொல்லிச் சொல்லித்தான் உதவி செய்ய வந்தவர்களிடம் புத்தகப் பையும் சைக்கிளும் வாங்கியிருக்கிறோம். அது ஒரு பிள்ளைக்கு அலுத்துப் போயிருக்கும் என்று இந்த மண்ணிலேயே இருந்த எனக்குத் தெரியவில்லையே என்று துக்கமாக இருந்தது.

ஆனால் மீதி எல்லாம் தகப்பனின் கையில் இருந்தது. அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பிள்ளை மறுத்துக் கதைக்காது. தண்ணீர் அள்ளுவதற்கு அவளை மோட்டார் சைக்கிளில் கிணறு கிணறாக ஏற்றித் திரிந்தவர் அவர்தான். பெற்றோல் விலையைச் சொல்லித் திட்டிக்கொண்டே திரிந்தவர். அவர் மண்டபப் படியில் மெல்ல இருந்தார்.

“எங்கட கிணத்தையும் கேட்டவரோ?”

“எங்கட கிணத்தைத்தான் அப்பா முதல் கேட்டவர்.”

“நீ என்ன சொன்னனீ?”

“தெரியாது எண்டு சொன்னன்.”

அவர் சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று நினைக்கச் சொல்லி எங்களுக்குக் காட்டிக்கொண்டார். பிறகு, “அப்ப போய் அறிஞ்சுகொண்டு வா” என்றார்.

அதற்குமேல் பூ எதற்கு? தாய் அழுதுகொண்டே மூன்று பூவையும் பிள்ளையாரின் காலடியில் வைத்தா. தான் அப்போதே பெரிய கம்பஸ் என்று சொன்னதாக மாமா கைபேசிக்குள் இருந்து சத்தம் போட்டார். ஐயரும் சிரித்துவிட்டார். தாரணி மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு அங்கேயே பதிலை அனுப்பினாள். கோயிலுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. போகுமா போகாதா என்று நாங்கள் எல்லோரும், ஐயர் உட்பட, அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றோம். போய்விட்டது.

இதைக் கேட்டுவிட்டு, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்தான் சிறந்தது என்று யாரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். பிறகு விசுவமடுவிலிருந்து ஒரு பெடியன் வந்தான். கணிதத்திலும் புலி, மிருதங்கத்திலும் புலி, வாய் மூடாமல் கதைப்பான். அவனை நான் அதே மாதிரியான ஒரு சின்னக் கல்லூரிக்கு அனுப்பினேன். முதல் மாதத்திலேயே மேடையேறிவிட்டான். அவனுக்கு அதுதான் சரி. இடத்தில் ஒன்றும் இல்லை. எந்தக் கேள்வி தன்னை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். அதை வெளியே எடுப்பதுதான் எங்கள் வேலை. உங்களுக்கும் விருப்பம் இருக்கும், இருக்கத்தான் செய்யும். அதை மறைத்து வைத்துக்கொண்டு நடுநிலை என்று சொல்லாதீர்கள். முதலில் அதை எடுத்துத் தட்டில் வையுங்கள். பிறகு பாருங்கள், மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பார்கள்.

தாரணி போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். விரிவுரை மண்டபம் எங்கள் பாடசாலை மைதானம் அளவு பெரிதாம். பின்வரிசையில் இருக்கிறாளாம். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லையாம், நல்லாய் நித்திரை வருகிறதாம். பேராசிரியர் இன்னும் பெயரைப் பிழையாகத்தான் சொல்கிறாராம். எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்து நான் கேட்டதேயில்லை. முடிக்கும் நேரத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“நேற்று என்ர அறையில கூட இருக்கிற பிள்ளைக்கு எங்கட கதையைச் சொன்னனான் ரீச்சர். முழுக்கச் சொன்னனான். அவளாக் கேக்கேல்ல. எனக்குத்தான் சொல்லவேணும் போல இருந்தது.”